வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை

எங்கள் வீட்டில் காலையில் யாரும் வெறும் வயிற்றோடு இருந்ததில்லை. வெயில் நாளாக இருந்தால் ரொட்டியில் வெண்ணெய் தடவி, அதன்மேல் சுண்டக் காய்ச்சிய பால் இனிப்பை வழித்து வைப்பேன். மழை நாளாக இருந்தால் டோர்ட்டா ஃப்ரீட்டா. மாவை உள்ளங்கை அகலத்துக்குத் தட்டி, நடுவில் விரலால் ஓட்டை போட்டு, மாட்டுக் கொழுப்பில் பொரித்து எடுப்பது. நீங்கள் தலைநகரத்திலிருந்து வந்திருக்கிறீர்கள், அம்மா. அங்கே இப்போதெல்லாம் எண்ணெயில்தான் பொரிக்கிறார்களாம். அந்த ருசி வேறு.

நீங்கள் கேட்டது வேறு என்று தெரியும். ஆனால் இங்கிருந்து தொடங்கினால்தான் சரியாக வரும்.

என் பெயர் சுல்மா எச்சேவெரி. பிறந்தது, வளர்ந்தது, கல்யாணம் ஆனது எல்லாம் இந்தப் பைசாண்டு ஊரில்தான். என் கணவர் வில்மார் மர லாரி ஓட்டினார். யூகலிப்டஸ் தோப்புகளிலிருந்து கட்டைகளை ஏற்றித் துறைமுகத்துக்குக் கொண்டுபோவார். பிறகு எல்லை தாண்டி பிரேசில் வரைக்கும் போக ஆரம்பித்தார். வருவார், குளிப்பார், தூங்குவார், துணி காய்வதற்குள் கிளம்பிவிடுவார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. கல்யாண வாழ்க்கை முழுவதும் நான் ஒரு லாரியின் பிரேக் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி இருந்தேன்.

அவர் கெட்டவர் இல்லை. கை நீட்டியதில்லை. குடித்துவிட்டு வந்ததில்லை. இன்னொருத்தி இருந்திருந்தால் அவள் வீட்டு வாசலில் போய் நின்று சண்டை போட்டிருப்பேன். சாலையோடு எப்படிச் சண்டை போடுவது?

சிறுநீரில் ரத்தம் போனதை அவர் வெகுநாள் சொல்லவில்லை. லாரி சீட்டின் குலுக்கலால் என்று நினைத்துக்கொண்டாராம். கடைசியில் வண்டியிலேயே மயங்கி விழுந்தபோதுதான் தெரிந்தது. ஒரு சிறுநீரகத்தை எடுத்தார்கள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். அடுத்த குளிர்காலத்தில் நுரையீரலில் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது என்றார்கள்.

தலைநகரத்து டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். இது உடம்பு முழுவதையும் போட்டு அடிக்கிற பழைய மருந்து மாதிரி கிடையாது, குறி பார்த்து வேலை செய்யும் என்றார். கட்டி வளர்வதற்குப் புதுப்புது ரத்தக் குழாய்களை இழுத்துக்கொள்ளும், அந்த வழிகளை இந்த மருந்து அடைக்கும், சாப்பாடு போகாமல் கட்டி சுருங்கும் என்று விளக்கினார்.

"அப்போ ரோடு மறியல்னு சொல்லுங்க டாக்டர்," என்றார் வில்மார். "எனக்குத் தெரியாததா? எத்தன மறியல்ல லாரியோட மாட்டியிருக்கேன்."

டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். சுகமில்லாத மனிதரோடு சேர்ந்து சிரிப்பது எனக்குப் புதிதாக இருந்தது. சுகமாக இருந்தபோது அதற்கு நேரமே கிடைத்ததில்லையே.

மாத்திரையை எப்படிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவள் யானினா. எங்கள் ஊர் மருத்துவமனையில் புற்றுநோய்க்காரர்களைப் பார்த்துக்கொள்கிற நர்ஸ். சின்னப் பெண்தான், ஆனால் கண்டிப்பு. காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு, முழுசாக விழுங்க வேண்டும். உடைக்கக் கூடாது, பொடிக்கக் கூடாது. அதன் பிறகு ஒரு மணி நேரம் ஒன்றும் சாப்பிடக் கூடாது. தினமும் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். கல்லீரலுக்கு மாதாமாதம் ரத்தப் பரிசோதனை. சிறுநீர் கருத்தாலோ, கண் மஞ்சளானாலோ உடனே நிறுத்திவிட்டு அவளைக் கூப்பிட வேண்டும்.

"சாப்பாட்டோட ஏன் கூடாதுன்னா," என்றாள், "சாப்பாடு சேர்ந்தா, அதுவும் கொழுப்பு சேர்ந்தா, உடம்பு இந்த மருந்த அளவுக்கு மீறி உறிஞ்சிக்கும். நீங்க ஒண்ணு குடுத்தா அவருக்கு ரெண்டு குடுத்த மாதிரி. கல்லீரல் தாங்காது. எங்க, இப்ப நீங்க சொல்லுங்க?"

நான் ஒன்று விடாமல் திருப்பிச் சொன்னேன்.

"எல்லா வீட்லயும் உங்கள மாதிரி ஒருத்தர் இருந்தா எனக்கு வேலையே இருக்காது சுல்மாம்மா."

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எனக்கு விவரம் புரியவில்லை, படிக்காதவள் என்று வாதாடலாம் என்கிறார் என் வக்கீல். வேண்டாம் என்று அவரிடமே சொல்லிவிட்டேன். எனக்குப் புரிந்தது.

முதல் சில மாதங்கள் யானினா சொன்னபடியேதான் செய்தேன். அதில் ஒரு குறையும் யாரும் கண்டுபிடிக்க முடியாது. மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். அவர் மீசை வெளுத்தது, பிறகு புருவம், பிறகு தலை. மருந்தின் குணம் அது. உள்ளங்கை சிவந்து எரிந்தது. களிம்பு தடவி மெல்லிய துணி உறை போட்டுவிடுவேன். வயிறு அடிக்கடி போகும். மத்தியானம் வரைக்கும் அசதியாகக் கிடப்பார். வண்டி ஓட்டுவது பற்றிப் பேச்சே கிடையாது.

அந்த மாதங்களைப் பற்றி என்ன சொல்ல? அவர் சமையலறையில் உட்கார்ந்து எனக்குப் பட்டாணி உரித்துக் கொடுத்தார். வெள்ளிக் குழலில் மாத்தே இலைத் தேநீரை உறிஞ்சியபடி ரேடியோ கேட்டார். பக்கத்து வீட்டு நாய்களின் பெயர்களையெல்லாம் கற்றுக்கொண்டார். ஒருநாள் பின்கட்டில் நின்று எலுமிச்சை மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"கிழவி, இது எப்ப நட்டது?"

"நம்ம கல்யாணம் ஆன வருஷம்."

"நெசமாவா? நான் பாத்ததே இல்லியே."

"நீ எப்ப பகல்ல வீட்ல இருந்த?"

அவர் கிளையை வளைத்தார். ஒரு எலுமிச்சையைப் பறித்து முகர்ந்து பார்த்துவிட்டு என் ஏப்ரன் பைக்குள் போட்டார். நான் சந்தோஷமாக இருந்தேன், அம்மா. புற்றுநோய் வந்த வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாது என்கிறார்கள். ஆனால் உண்மையைச் சொல்லத்தானே என்னை இங்கே உட்கார வைத்திருக்கிறீர்கள்.

பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். புள்ளிகள் நன்றாகச் சுருங்கியிருந்தன. சில புள்ளிகளைக் காணவே இல்லை. டாக்டர் வில்மாரின் தோளைத் தட்டிக் கொடுத்தார். உடம்பும் மருந்துக்குப் பழகிவிட்டது, இப்படியே போனால் பழைய வேலையைக்கூட மெல்ல ஆரம்பிக்கலாம் என்றார். ஊருக்குத் திரும்பி வருகிற பேருந்தில் நான் அவர் கையைப் பிடித்திருந்தேன். அவர் ஜன்னல் வழியாக எதிரே வருகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி, வருடம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தார்தோ வந்தான். அவனும் வில்மாரும் இளமையிலிருந்தே ஒன்றாக வண்டி ஓட்டியவர்கள்.

"டேய் செத்துப்போனவனே, எந்திரிச்சிட்டியா?" என்று வாசலிலிருந்தே கத்தினான். "உன் மீசைக்கு என்னடா ஆச்சு? சுண்ணாம்பு அடிச்சியா?"

"உனக்குப் பொறாமைடா. பொண்ணுங்க இப்பதான் திரும்பிப் பாக்குறாளுங்க."

"தாத்தா ரோட்டத் தாண்டட்டும்னு நின்னிருப்பாளுங்க."

சாப்பிட்டார்கள், சிரித்தார்கள். எல்லைப் பக்கம் புதிதாகச் சாலை போட்டிருக்கிறது, வசந்தம் வந்ததும் இரண்டு பேருமாகப் போகலாம், பாதி தூரம் நீ ஓட்டு, பாதி தூரம் நான் என்று முடிவு செய்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்கும் வழக்கமும் இல்லை. தார்தோ போன பிறகு வில்மார் கட்டிலுக்கு அடியிலிருந்து பூட்ஸை இழுத்து, வாசல்படியில் உட்கார்ந்து, எச்சில் தொட்டுத் துடைத்துப் பளபளப்பாக்கினார். விசிலடித்துக்கொண்டே செய்தார். வீட்டில் இருந்த மாதங்களில் அவர் விசிலடித்து நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை மழை. டோர்ட்டா ஃப்ரீட்டா சுட்டேன். அவர் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீர் கேட்டார்.

"இரு. முதல்ல ஒரு வாய் தின்னு."

"அந்தப் பொண்ணு வெறும் வயித்துலன்னுதான சொன்னா?"

"அது ஆரம்பத்துல. இப்ப சாப்பாட்டோட போடச் சொல்லிட்டாங்க. அவதான் போன் பண்ணா."

"அப்பாடா," என்றார். "இத்தன நாள் இந்த வாசனைய மோந்துட்டு ஒரு மணி நேரம் உக்காந்திருந்தது கொடுமை கிழவி."

இரண்டு தின்றார். விரலை நக்கிக்கொண்டு, எனக்கு நன்றி சொல்லி, மாத்திரையை விழுங்கினார்.

கொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அப்படி நினைத்திருந்தால் எலி மருந்து கடையிலேயே கிடைக்கிறது. கொஞ்சம் அசதி வரட்டும், அந்தப் பூட்ஸ் திரும்பவும் கட்டிலுக்கு அடியில் போகட்டும் என்பதுதான். சமையலில் உப்பை எவ்வளவு போட வேண்டும் என்று கைக்குத் தெரியுமே, அப்படி எனக்கும் அளவு தெரியும் என்று நினைத்தேன்.

சில நாட்களிலேயே தலைவலி வந்தது. வயிறு மறுபடி கெட்டது. உள்ளங்கால் வெடித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பூட்ஸ் கட்டிலுக்கு அடியில் போனது. நான் களிம்பு தடவினேன், தலையைப் பிடித்துவிட்டேன், துணியை நனைத்து நெற்றியில் போட்டேன். இதெல்லாம் நடிப்பு என்று நினைக்காதீர்கள். என்னைப் போல அவரைப் பார்த்துக்கொள்ள யாராலும் முடிந்திருக்காது.

யானினா வாரம் தவறாமல் போன் செய்வாள்.

"ரத்த அழுத்தம் எப்படி இருக்கு சுல்மாம்மா?"

கருவி காட்டியதை விட்டுவிட்டு, நன்றாக இருந்த நாட்களின் எண்ணைச் சொல்வேன்.

"சூப்பர். வெறும் வயித்துலதான போடுறார்?"

"வேற எப்படி?"

"சரி, ரத்தம் குடுக்க இன்னும் வரலியே?"

அப்போது ஆறு பெருகியிருந்தது. ஒவ்வொரு பெரிய மழைக்கும் எங்கள் தெருவின் கீழ்ப்பாதி தண்ணீருக்குள் போய்விடும், அது ஊருக்கே தெரிந்த விஷயம். வழியெல்லாம் தண்ணீர், வடிந்ததும் கூட்டிவருகிறேன் என்றேன். ஆறு வடிந்தது. என் பேச்சில் மட்டும் வடியவில்லை. அவள் ஊருக்கு மறு கோடியில் இருக்கிறவள். நம்பினாள். நம்பாமல் இருக்க நான் எந்தக் காரணமும் கொடுத்ததில்லை.

தார்தோ இன்னொரு தடவை வந்தான். வில்மார் போர்வைக்குள் சுருண்டு கிடந்தார். நான் அவர் தலையைத் தூக்கி, வெண்ணெயில் ஊறிய ரொட்டியைப் பிட்டுப் பிட்டு ஊட்டி, கடைசி வாயோடு மாத்திரையைக் கொடுத்தேன். தார்தோவின் கண் கலங்கியது.

"குடுத்து வெச்சவன்டா நீ," என்றான். "என் பொண்டாட்டியா இருந்தா மாத்திரைய தூக்கி மூஞ்சில வீசியிருப்பா."

வில்மார் சிரிக்கப் பார்த்தார். "வண்டிய எடுத்துட்டுப் போயிராதடா," என்றார். "வந்துருவேன்."

அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். அன்றிலிருந்து கொழுப்பைக் கொஞ்சம் தாராளமாகவே விட்டேன்.

ஒருநாள் காலை ஜன்னல் திரையை விலக்கியபோது அவர் கண்ணைப் பார்த்தேன். வெள்ளை இருக்க வேண்டிய இடம் பழுத்த எலுமிச்சைத் தோல் மாதிரி இருந்தது. யானினா சொன்னது எனக்கு ஒரு எழுத்து விடாமல் நினைவுக்கு வந்தது. போன் கூடத்தில்தான் இருந்தது.

நான் திரையை மூடினேன். பிறகு கடைக்குப் போய் மஞ்சள் பல்பு ஒன்று வாங்கி வந்து குளியலறையில் மாட்டினேன். மஞ்சள் வெளிச்சத்தில் எல்லாமே மஞ்சள்தான். கண்ணாடியில் என் முகமும் அப்படித்தான் தெரிந்தது. கடைக்காரர் எதற்கு என்று கேட்டார். அவருக்கு வெள்ளை வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்றேன். பாவம் என்றார்.

அதன் பிறகும் மாத்திரையை நிறுத்தவில்லை. ஏன் என்று நீங்கள் முன்பே கேட்டீர்கள். டாக்டரிடம் கொண்டுபோனால் நிறுத்துவார்கள். நிறுத்தினால் கல்லீரல் தேறும். தேறினால், குறைந்த அளவில் திரும்பக் கொடுப்பார்கள், அல்லது வேறு மருந்து. யானினா தானே வீட்டுக்கு வந்து கொடுப்பாள். அவர் எழுந்துவிடுவார். யோசித்துப் பார்த்தால் எல்லாம் வரிசையாகத்தான் தெரிந்தது.

ரத்த வாந்தி எடுத்த அன்று நானேதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அதையும் வாக்குமூலத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். மருத்துவமனையில் என்னிடம் கேட்டதற்கெல்லாம், சொன்னபடிதான் கொடுத்தேன் என்று பதில் சொன்னேன். இந்த மருந்தில் அரிதாகச் சிலருக்கு இப்படி ஆவதுண்டு என்று அங்கே ஒரு இளம் டாக்டர் என்னைத் தேற்றினார். தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்.

வில்மாருக்குப் புத்தி கலங்கிவிட்டது. லாரியில் இருப்பதாக நினைத்துக்கொண்டார். போர்வையை ஸ்டீயரிங் மாதிரி இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"கிழவி, எந்த ஊர் தாண்டினோம்?"

"வீட்டுக்கு வந்தாச்சு. தூங்கு."

"இல்ல, இன்னும் ரோடு இருக்கு," என்றார். அந்தக் கட்டிலில் அவர் ஓட்டிக்கொண்டே இருந்தார். பக்கத்து இருக்கையில் நான் இருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை லாரியில் ஏற்றிப் போனதில்லை. அதுதான் முதல் தடவை. விடிவதற்குள் போய்விட்டார்.

சவப்பெட்டியை வைத்திருந்த இடத்துக்கு யானினா வந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். தன் தவறு ஏதாவது இருக்குமோ, எதையாவது கவனிக்காமல் விட்டுவிட்டேனோ என்று கேட்டாள். இல்லை கண்ணு என்றேன். அப்போதுதான் தார்தோ பக்கத்தில் வந்து நின்றான்.

"அண்ணி எந்தக் குறையும் வெக்கல சிஸ்டர்," என்றான். "ஒருநாள்கூட வெறும் வயித்துல மாத்திர குடுத்ததில்ல. வாய் நிறைய ஊட்டிட்டுத்தான் குடுக்கும். என் கண்ணால பாத்தேன்."

அவன் என்னைப் புகழ்வதற்காகத்தான் சொன்னான். யானினாவின் கை என் முதுகில் அப்படியே நின்றது. பிறகு மெதுவாக எடுத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். தார்தோ இன்னும் என்னைப் புகழ்ந்துகொண்டிருந்தான்.

அடக்கம் முடிந்த மறுநாள் அவள் தனியாக வீட்டுக்கு வந்தாள். குளியலறைக்குப் போய்க் கை கழுவினாள். திரும்பி வந்து, நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே கேட்டாள்.

"அந்த பல்ப எப்ப மாட்டினீங்க?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அதுவரைக்கும் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். அவள் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாத்தே போட்டுக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

இந்தச் சிறையில் என்னை நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். காலையில் ரொட்டி தருகிறார்கள். வாயில் வைக்க முடியவில்லை. மழை வரப்போகிற ஈரக் காற்று அடித்தால் கொழுப்புக் காய்கிற வாடை வருகிறது. இங்கே சமையலறை அந்தக் கோடியில் இருக்கிறது, அந்த வாடை வர வழியில்லை. லாரி பிரேக் போடுகிற சத்தமும் கேட்கிறது. கேட்டதும் எழுந்து நிற்கிறேன். என்னோடு இருக்கிற பெண்கள் ஏன் நிற்கிறாய் என்று கேட்கிறார்கள். கதவைத் திறக்க என்கிறேன். அவர்கள் இப்போது என் பக்கத்தில் படுப்பதில்லை.

ஒன்றை மட்டும் யானினாவிடம் சொல்லவில்லை. வக்கீலும் சொல்ல வேண்டாம் என்கிறார். ஆனால் என் பக்கத்து நியாயமே அதில்தான் இருக்கிறது.

ஆம்புலன்ஸ் வருவதற்கு முந்தின நாள் காலை. ரொட்டியும் மாத்திரையும் கொண்டுபோனேன். அவர் விழித்திருந்தார்.

"சுல்மா," என்றார். கிழவி என்று கூப்பிடவில்லை. "நெசமா சொல்லு. இத சாப்பாட்டோடதான் போடணுமா?"

"ஆமா."

என்னை வெகுநேரம் பார்த்தார். அந்த மஞ்சள் கண்ணால். எல்லாவற்றையும் பார்த்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. எலுமிச்சை மரத்தைப் பார்த்தாரே, அது மாதிரி, என்னை முதல் தடவையாகப் பார்க்கிறவர் மாதிரி. பிறகு வாயைத் திறந்தார். நான் மாத்திரையை நாக்கில் வைத்தேன். விழுங்கினார்.

தெரிந்தேதான் விழுங்கினார், அம்மா. அப்படியென்றால் என்ன அர்த்தம்? எனக்காக வீட்டிலேயே இருந்துவிடுவது என்று அவரே முடிவு செய்துவிட்டார். நான் செய்ததை ஒப்புக்கொள்கிறேன், கையெழுத்தும் போடுகிறேன். ஆனால் அவர் சம்மதம் இல்லாமல் செய்ததாக மட்டும் எழுதாதீர்கள்.

அவர் கையால் தடுத்தாரா என்று கேட்கிறீர்கள். கை வந்தது, உண்மைதான். அந்த நிலையில் இருக்கிறவர்களுக்குக் கை நடுங்கும். அதனால்தான் அவர் இரண்டு கையையும் சேர்த்து என் முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.